எந்தப் பக்கமுங்க?

1

“படிச்சுப்போட்டு என்னத்தைப் பண்ணப் போறே அம்மிணி? ஆத்தைத் திருப்பப் போறியா?”

பெரியப்பா கேட்டது. நான் கோயம்புத்தூரில் பொறியியல் கல்லூரியில் சேரக் கிளம்பிய அன்று, கேரள எல்லைக்குள், கஞ்சிக்கோட்டுக்குக் கிழக்கே, தமிழ் பேசுகிற எங்கள் ஊர் பஸ் நிறுத்தத்தில், தகரப் பெட்டியும் நானுமாக நின்றபோது. சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். “ஆமாங்க பெரியப்பா, திருப்பத்தான் போறேன்” என்றேன். இன்னும் பலமாகச் சிரித்தார்கள்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அப்பா கைநாட்டு. அம்மா பஸ்ஸை அதன் நிறத்தையும் டிரைவர் முகத்தையும் வைத்துத்தான் கண்டுபிடிப்பாள். அண்ணன் நாலாவதோடு மாடு மேய்க்க நின்றுவிட்டான். ஆகவே பெரியப்பா கேட்டது வெறும் கேலியோ ஏகடாசியோ இல்லை. ஒரு பெண் இவ்வளவு படித்தால் அதற்கப்புறம் என்ன நடக்கும் என்று அவருக்கு உண்மையாகவே தெரியாது. இது இப்போது புரிகிறது. அன்றைக்குக் காது சுட்டது, அவ்வளவுதான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்தப் பஸ் நிறுத்தத்துக்குப் பின்னாலேயே ஆறு ஓடுகிறது. ஆனால் அங்கே நின்றால் ஆறு தெரியாது. நடுவில் கம்பெனி மதில். ஆற்றைக் கண்ணால் பார்க்க முடியாத இடத்தில் நின்றுகொண்டுதான் நாங்கள் எல்லாரும் ஆற்றைச் சொல்லிச் சிரித்தோம்.

இப்போது நான் இங்கிலாந்தின் வடகிழக்கில், கடலில் சேரும் முன் ஓர் ஆறு அகலமாக விரிகிற ஊரில் இருக்கிறேன். மழைநீர் வடிகால்களுக்கு வரைபடம் போடுகிற வேலை. போன வருடம், சாலைக்கு அடியில் மாட்டிக்கொண்டிருந்த ஓர் ஓடையைப் பக்கவாட்டில் திருப்பி விட்டார்கள். வரைபடம் என்னுடையது. தண்ணீர் புதுப் பாதையில் திரும்புகிற இடத்தைப் படம் எடுத்து, அண்ணன் வழியாகப் பெரியப்பாவுக்கு அனுப்பினேன். குரல் செய்தியில் பதில் வந்தது.

“அம்மிணி, பாத்தேன். நல்லாருக்குது. ஆனா அது ஆறு இல்ல சாமி. வாய்க்காலு.”

2

இங்கே வசந்தத்தில் ஒரு சனிக்கிழமை, ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் மஞ்சள் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு ஆற்றங்கரையில் ஊர்வலம் போவார்கள். பேண்டு வாசிப்பார்கள். மேயர் சங்கிலி மாட்டிக்கொண்டு வருவார். எல்லாம் பெக் என்கிற ஓர் அம்மாவுக்காக.

பெக் கவுன்சிலராக இருந்தவர். நம் ஊர்க் கணக்கில் வார்டு மெம்பர். பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை பார்த்தவர். இப்போது உயிரோடு இல்லை. ஆற்றின் கிழக்குக் கரை முழுவதும் முன்பு கப்பல் கட்டும் பட்டறையாக இருந்திருக்கிறது. பட்டறை மூடி, துருப்பிடித்த பாரந்தூக்கிகளும் எண்ணெய்ச் சேறும் கம்பி வேலியுமாகப் பல வருடம் கிடந்ததாம். ஊரில் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் தண்ணீரைத் தொடாமலே வளர்ந்தார்கள் என்று சொல்வார்கள். அந்தக் கரையைப் பெக் திரும்ப வாங்கிக் கொடுத்தார். சேற்றில் இறங்கி நடப்பதற்காக அவர் போட்ட மஞ்சள் பூட்ஸ்தான் இன்றைக்குப் பிள்ளைகள் காலில்.

போன சனிக்கிழமை என் மகள் இனியாவுக்கு முதல் ஊர்வலம். ஒன்றாம் வகுப்பு. பூட்ஸ் வாங்கக் கடைக்குப் போனால் அவள் அளவில் மஞ்சள் தீர்ந்துவிட்டது. பச்சை இருந்தது. “பச்சை போட்டா பெக் கோவிச்சுக்குவா” என்று கடைக்குள் அழுதாள். பக்கத்து ஊர்க் கடைக்குப் போய் வாங்கி வந்தோம். நேரில் பார்க்காத, செத்துப்போன ஒருத்தி கோபித்துக்கொள்வாளே என்று என் மகள் அழுகிறாள். நான் கோபித்துக்கொண்டால் அவள் தோளைக் குலுக்குவாள்.

ஊர்வலம் முடிந்து படிகளில் உட்கார்ந்தோம். கரையிலிருந்து தண்ணீருக்குள் இறங்கும் அகலமான கல்படிகள். பிள்ளைகள் கடைசிப் படியில் நின்று பூட்ஸோடு தண்ணீரை உதைத்தார்கள். கிழவர்கள் வெயிலில் சட்டையைத் தளர்த்திவிட்டுக் கிடந்தார்கள். வாத்துகள்கூடத் தங்களுக்குப் பட்டா இருக்கிற தோரணையில் படியேறி வந்தன. எனக்கு வயிறு எரிந்தது. வாத்தைப் பார்த்துப் பொறாமைப்பட்டவளை நீங்கள் கேள்விப்பட்டதுண்டா? இதோ நான்.

ஊருக்குக் கூப்பிட்டபோது அண்ணனிடம் ஊர்வலத்தைப் பற்றிச் சொன்னேன். அவன் கேட்ட முதல் கேள்வி:

“பேரு பெக்கா? எந்தப் பெக்கு? கட்டிங்கா, முழுசா?”

“அண்ணா, அது மார்கரெட்டுங்கறதோட சுருக்கம்.”

“அது செரி. அதான் ஊரே ஆடிட்டுப் போயிருக்குது.”

3

எங்கள் ஆற்றைச் சொல்லவேண்டும்.

நான் பிறப்பதற்கு முன்பே இரும்பை உருக்குகிற ஆலை ஒன்று ஆற்றங்கரையில் வந்துவிட்டது. அதன் பெயர் இப்போது எதற்கு? ஊரில் யாரும் பெயர் சொல்வதில்லை. கம்பெனி, அவ்வளவுதான். சங்கு ஊதினால் அம்மா உலை வைப்பாள். அப்பாவும் பெரியப்பாவும் வெள்ளாமை இல்லாத மாதங்களில் அங்கே சுமை இறக்கப் போவார்கள். காய்கிற துணியில் கரித்தூள் படியும். கம்பெனி மதில் சாலையிலிருந்து தொடங்கி ஆற்றுத் தண்ணீர்வரை போகும். அதனால் மாடு குளிப்பாட்டவும் துணி துவைக்கவும் ஊர் மக்கள் மேற்கே வெகுதூரம் சுற்றிப் போனார்கள். போகப்போக அதுவும் நின்றது. குழாய் வந்தது. ஆறு தேவையில்லாமல் போனது.

அந்தக் கரைக்கு எங்கள் ஊரில் ஒரே பெயர்தான்: கம்பெனிப் பக்கம். “கம்பெனிப் பக்கம் போவாதே,” “ஆட்டுக்குட்டி கம்பெனிப் பக்கம் ஓடிப்போச்சு,” “கம்பெனிப் பக்கம் பாம்பு கெடக்குது.” நான் எட்டாவது படிக்கும்போது ஆலை மூடிவிட்டார்கள். சங்கு நின்றது. கேட்டுக்குப் பூட்டு விழுந்தது. உள்ளே வேலிக்காத்தான் மரமாக வளர்ந்தது. கூரைத் தகடுகளை யார் யாரோ கழற்றிக்கொண்டு போனார்கள். கம்பெனியே இல்லை. பெயர் மட்டும் அப்படியே நின்றது. இன்றும் சின்னப் பிள்ளைகள்கூடக் கம்பெனிப் பக்கம் என்றுதான் சொல்கின்றன. கம்பெனி என்றால் என்ன என்று அவற்றுக்குத் தெரியாது.

மதில் வளைத்துப்போட்ட அந்த ஆற்றங்கரை கம்பெனியின் சொந்த நிலம் இல்லை. அது ஆற்றுப் புறம்போக்கு. இது எல்லாருக்கும் தெரியும். ரகசியமே கிடையாது. தெரிந்துகொண்டே எல்லாரும் அதைக் கம்பெனிக்குத் தாரை வார்த்துப் பேசினோம்.

இனியா இரண்டு வருடம் முன்பு ஊருக்கு வந்திருந்தபோது, மதிலில் இடிந்த ஓர் ஓட்டை வழியாக ஆற்றைக் காட்டினேன். செந்நிறச் சேறு, அதில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, நடுவில் கொஞ்சம் தண்ணீர். வெகுநேரம் பார்த்தாள். அவளிடம் உள்ள தமிழ்ச் சொற்கள் குறைவு. பொம்மைக்குச் சொல்கிற சொல்லையே எடுத்தாள்.

“அம்மா, உங்க ஆறு ஒடஞ்சு போச்சா?”

உங்க ஆறு என்றாள். அவளுடையது இங்கே இருக்கிறது. வாத்தும் படியும் பேண்டும் உள்ள ஆறு.

4

வேலையில் சேர்ந்த புதிதில் நடந்தது இது.

அலுவலகத்தில் என் பெயர் மிலா. மயிலாத்தாள் என்று சேர்ந்த அன்று சொன்னேன். மூன்று பேர் முயன்றார்கள், நாலாவது ஆள் மிலா என்று முடித்து வைத்தார். அந்த நாலாவது ஆள் இயன். பக்கத்து மேசை. ஓய்வு பெறும் வயது. எதற்கும் முனகுகிறவர்.

ஒரு கூட்டத்தில் ஆற்றின் வரைபடத்தை விரித்து, எந்தக் கரையில் குழாய் பதிப்பது என்று பேச்சு. நான் கிழக்குக் கரையைச் சுட்டிக்காட்டி ஆங்கிலத்தில், “கம்பெனியின் பக்கம்” என்றேன். யோசித்துச் சொன்னதில்லை. செத்த ஆலையும் ஆறும் சேர்ந்து கிடக்கிற கரைக்கு என் வாயில் வேறு பெயர் கிடையாது. கூட்டத்தில் இருந்தவர்கள் புரியாமல் பார்த்தார்கள். எந்தக் கம்பெனி என்று ஒருவர் கேட்டார். இயன் மட்டும் தலையைத் தூக்காமலே, “நம் பக்கம்” என்றார். பிறகு, “பெக் இருந்திருந்தால் உன்னை வெளியே அனுப்பியிருப்பாள்” என்றார்.

தேநீர் குடிக்கும்போது விஷயம் சொன்னார். இந்த ஊரிலும் அந்தக் கரைக்குப் பட்டறைப் பக்கம் என்றுதான் பெயராம். பட்டறை மூடி எத்தனையோ காலம் ஆகியும் அதே பேச்சு. பெக் கவுன்சிலர் ஆனதும் முதலில் செய்தது மனுப் போடுவதோ நிதி கேட்பதோ இல்லை. யார் பட்டறைப் பக்கம் என்று சொன்னாலும், காது கேளாதவர் மாதிரி, “எந்தப் பக்கம்?” என்று கேட்பாராம். அவர்கள் நம் பக்கம் என்று சொல்கிறவரை விடமாட்டாராம். அதிகாரிகளிடமும் அப்படித்தான். ஒரு பாதிரியாரை அடக்கச் சடங்கின் நடுவிலேயே, கல்லறைத் தோட்டத்தில் வைத்துத் திருத்தியிருக்கிறார்.

“சகிக்க முடியாத பெண்பிள்ளை” என்றார் இயன். “படி கட்டவேண்டும், வேறெதுவும் வேண்டாம், முதலில் தண்ணீருக்கு இறங்கப் படி. அதையே சொல்லிக்கொண்டிருப்பாள். நான்தான் அப்போது திட்டப் பிரிவில். யாராவது வழுக்கி விழுந்தால் யார் பொறுப்பு என்று நாங்கள் கேட்போம். விழுந்தவர் எழுந்து வருவார் என்பாள்.”

அன்று சாயங்காலம் இதை ஊருக்குச் சொன்னேன். அண்ணன் தோட்டத்தில் இருந்தான். நங்கைதான் போனை எடுத்தாள்.

5

நங்கை என்றால் அண்ணன் மனைவி. எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம். பெயர் சரசு. கோவிந்தாபுரத்துக்காரி. ஏழாவது வரை படித்தவள். தொழிலுறப்பு என்கிற நூறு நாள் வேலைக்குப் போய் வாய்க்கால் வெட்டியவள். போன தேர்தலில் எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கீடு ஆனது. அண்ணனுக்கு நிற்க ஆசை. முடியாததால் நங்கையை நிறுத்தினான். போஸ்டரில் அவள் படத்தைவிட அண்ணன் படம் ஒரு விரல் பெரிது. ஜெயித்தாள். ஊரே, அண்ணன்தான் மெம்பர், நங்கை கையெழுத்து என்று பேசியது. நானும் அப்படித்தான் நினைத்தேன். நினைத்தேன் என்ன, கொஞ்சம் நிம்மதிகூடப் பட்டேன்.

அவளிடம் பெக் கதையைச் சொன்னபோது, நான் எதற்காகச் சொன்னேன் என்பதை யோசித்துப் பார்க்கிறேன். பீற்றிக்கொள்ளத்தான். பார், நான் எப்படிப்பட்ட ஊரில் இருக்கிறேன், என்னென்ன தெரிந்து வைத்திருக்கிறேன். நங்கை “ம்” கொட்டிக் கேட்டாள். கடைசியில், “அந்தம்மா எந்தப் பக்கம்னு கேட்டுக்கிட்டே இருக்குமா? கோவமாவா, சிரிச்சா?” என்று விசாரித்தாள்.

“தெரியலீங்க நங்கை. ஏனுங்க?”

“சும்மாதான் அம்மிணி.”

ஒன்றிரண்டு வருடம் கழித்து அண்ணன் ஒரு வீடியோ அனுப்பினான். எங்கள் ஊர் டீக்கடை. பெரியப்பா பெஞ்சில். நங்கை கையில் பையோடு நிற்கிறாள். கேமராவுக்குப் பின்னால் அண்ணன் சிரிப்பை அடக்குவது கேட்கிறது.

“மெம்பரு, கம்பெனிப் பக்கம் வெளக்கு எரியல. ஆளச் சொல்லிப் பாக்கச் சொல்லு” என்கிறார் பெரியப்பா.

“எந்தப் பக்கமுங்க மாமா?”

“கம்பெனிப் பக்கம்.”

“எந்தக் கம்பெனிங்க?”

“என்ன அம்மிணி, லொள்ளா? நம்மூருல எத்தனை கம்பெனி இருக்குது?”

“ஒண்ணுகூட இல்லீங்களே மாமா. பூட்டிப்போட்டுப் போயிட்டாங்க. நீங்க எந்தப் பக்கத்தைச் சொல்றீங்கன்னுதான் வெளங்கல.”

“அதான்... ஆத்தோரம். மதிலுக்கு அக்கட்டால.”

“அது ஆரு பக்கமுங்க?”

பெரியப்பா கிளாஸைக் கீழே வைக்கிறார். சுற்றி இருப்பவர்கள் அவர் வாயையே பார்க்கிறார்கள். “செரி தாயி. நம்ம பக்கம். நம்ம பக்கம் வெளக்கு எரியல. போதுமா?”

“நாளைக்கே எரியுமுங்க” என்கிறாள் நங்கை. டீக்கடையே சிரிக்கிறது. பெரியப்பாவும் சிரிக்கிறார்.

அந்த வீடியோவை எத்தனை முறை பார்த்தேன் என்று சொல்லமாட்டேன். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில்தான் வலித்தது. பெரியப்பா தோற்றுச் சிரிக்கிற இடம். என்னிடம் அவர் தோற்றதே இல்லை. பொறியியல் பட்டம், விமானம், வெளிநாட்டு வேலை எல்லாவற்றையும் கொண்டுபோய் அவர் முன் வைத்தேன். வாய்க்கால் என்றார். இவள் பையோடு டீக்கடையில் நின்று ஜெயித்துவிட்டாள். அதுவும் நான் கொடுத்த சரக்கை வைத்து.

6

பெக்கைப் பார்த்து வந்த பொறாமை தூரத்துப் பொறாமை. அது செத்துப்போன வெள்ளைக்காரப் பெண்மணி, வேறு தேசம், வேறு பணம், பேசாமல் இரு என்று மனதை அடக்கலாம். நங்கையைப் பார்த்து வந்ததை அடக்க ஒரு சமாதானமும் கிடைக்கவில்லை. அதே ஆறு, அதே மதில், என் பெரியப்பா.

அப்போதுதான் நங்கையிடமிருந்து அழைப்பு வந்தது. நான் அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன்.

“அம்மிணி, கம்பெனி எடத்தை ஒரு கெடங்குக்காரங்க வாங்கிட்டாங்க. பெரிய பெரிய லாரி வந்து நிக்கற கெடங்கு. பழைய மதில இடிச்சுப்போட்டுப் புது மதில் கட்டப் போறாங்களாம். தண்ணி வரைக்கும்.”

“அது புறம்போக்குதானுங்க நங்கை. அவங்களுக்கு எப்படிக் கட்ட முடியும்?”

“கட்டினா ஆரு கேக்கறது? பழைய மதிலு இருந்துச்சே, ஆராச்சும் கேட்டமா? அவிய மேனேஜர் வந்தான். நல்ல பையன். மலையாளத்துல என்ன சொன்னான் தெரியுமா? உங்க ஊர்க்காரங்களே அதைக் கம்பெனிப் பக்கம்னுதானே சொல்றாங்க, அப்பறம் என்ன சேச்சின்னு கேட்டான்.”

மாட்டிய கோட்டைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தேன்.

“வர்ற கிராமசபையில அதை எடுக்கறேன். ஊர்க்காரங்க கை தூக்குவாங்க. ஆனா வெறும் வேண்டாம்னு சொன்னா நிக்காது அம்மிணி. மதிலு வேண்டாம்னா பின்ன என்ன வேணும்னு கேப்பாங்க. இதுதான் வேணும்னு ஒரு படம் காட்டணும். ரோட்டுல இருந்து தண்ணிக்கு ஒரு வழி, கீழ எறங்கப் படி. நீ வரைஞ்சு குடு. உனக்கு அதான வேலை?”

“பாக்கறேனுங்க. வேலை கொஞ்சம் ஜாஸ்தி” என்றேன்.

வேலை ஜாஸ்தி இல்லை. அந்த வாரம் முழுக்க இயனின் பழைய கோப்புகளை அடுக்குவதுதான் வேலை. ஆனால் கையைத் தூக்க முடியவில்லை. நான் வரைந்து அனுப்பினால் என்ன ஆகும் என்று தெளிவாகத் தெரிந்தது. படி கட்டப்படும். அல்லது கட்டப்படாது. கட்டப்பட்டால் அதற்கு மெம்பர் சரசு படி என்று பெயர் வரும். பிள்ளைகள் ஏதாவது ஒரு சனிக்கிழமை அவளுக்காக ஊர்வலம் போகும். ஆற்றைத் திருப்பப் போகிறாயா என்று கேட்கப்பட்டது என்னை. திருப்பியவள் வேறொருத்தி என்று முடியும்.

நங்கை மறுபடி கூப்பிட்டாள். எடுக்கவில்லை. செய்தி அனுப்பினாள்: “வேலை முடிஞ்சா சொல்லு கண்ணு. கிராமசபை நெருங்குது.” கண்ணு என்கிறாள். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

7

கோப்புகளை அடுக்கும்போது இயன் வந்து பக்கத்தில் நின்றார். ஒரு பழைய புகைப்படம் நழுவி விழுந்தது. சேற்றில் மஞ்சள் பூட்ஸோடு பெக், கையை இடுப்பில் வைத்து, கேமராவைப் பார்க்காமல் ஆற்றுக்கு அந்தப் பக்கம் எதையோ முறைக்கிறார்.

எதைப் பார்க்கிறார் என்று கேட்டேன்.

“எதிர்க் கரை ஊரை” என்றார் இயன். “அவர்களுக்குப் பேண்டு வாசிக்க ஒரு மண்டபம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் இங்கே வரை கேட்கும். இவளுக்கு அது பொறுக்காது. அவர்களுக்கு மட்டும் ஏன் என்று எங்கள் அலுவலகத்துக்கு வந்து மேசையைத் தட்டுவாள். ஊர் நலன், சுற்றுச்சூழல் என்றெல்லாம் இப்போது கல்வெட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். எனக்குத் தெரியாதா? வெறும் வயிற்றெரிச்சல்.”

முனகிக்கொண்டே போய்விட்டார். நான் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இத்தனை நாளில் முதல்முறையாகப் பெக்கை எனக்குப் பிடித்தது. கல்வெட்டில் இருக்கிற புனிதவதியோடு எனக்கு ஒரு பேச்சும் இல்லை. இந்த முறைப்பு எனக்குத் தெரியும். எங்கள் வீட்டுக் கண்ணாடியில் தினமும் பார்க்கிறேன். அதோடு, முறைத்துக்கொண்டே அந்தம்மா சேற்றில் இறங்கியிருக்கிறார். நான் முறைத்துக்கொண்டு போனை எடுக்காமல் இருக்கிறேன்.

வீட்டுக்குப் போகும் வழியிலேயே நங்கையைக் கூப்பிட்டேன்.

“நங்கை, படி எத்தனை அகலம் வேணுமுங்க?”

“மாடு எறங்கணும் அம்மிணி. ரெண்டு மாடு, எதிரெதிரா வந்தா முட்டிக்காம” என்றாள்.

அந்த வார இறுதியில் வரைந்தேன். அண்ணன் நாடா பிடித்து அளந்து சொன்னான். பெரியப்பாதான் நாடாவின் மறுமுனை என்று பின்னால் தெரிந்தது. “வாய்க்காலு வரையறவ ஆத்துக்கு வரைவாளான்னு பாப்போம்” என்று சொல்லிக்கொண்டே பிடித்தாராம். சாலையிலிருந்து தண்ணீர்வரை பாதை. பாதையின் முடிவில் படி. மழைக்காலத்தில் வெள்ளம் ஏறும் உயரத்தை அம்மா சொன்னாள். மதில் கட்டும் முன் அவள் துணி துவைத்த கல்லின் இடத்தையும் சொன்னாள். அந்த இடத்தில் ஒரு கல்லும் போட்டேன்.

வரைபடத்தில் பெயர்கள் எழுதவேண்டிய இடம் வந்தது. கிராமசபைக்கு மலையாளத்திலும் வேண்டும். என் மலையாளம் துருப்பிடித்துவிட்டது. படித்துறைக்கு என்ன எழுதுவது என்று நங்கையைக் கேட்டேன்.

“கடவுன்னு போடு.”

சிரித்துவிட்டேன். ஏன் என்று கேட்டாள். இந்த ஊருக்கு நான் வந்து இறங்கியது கடவுச்சீட்டால்தான், பாஸ்போர்ட்டுக்குத் தமிழில் அதுதான் பெயர் என்றேன்.

“செரிதான்” என்றாள் நங்கை. “சீட்டு உனக்கு. கடவு எனக்கு.”

எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறாள் பாருங்கள். இந்த வாக்கியமும் எனக்குத் தோன்றியிருக்கவேண்டும்.

கரைக்குப் பெயர் எழுதவேண்டிய இடத்தில், கேட்காமலே, “நம்ம பக்கம்” என்று எழுதினேன். கீழே மூலையில் பெயர்கள். வார்டு மெம்பர் சரசு என்று முதலில் போட்டேன். அடுத்த வரியில் என் பெயர், மிலா இல்லை, மயிலாத்தாள். எழுத்தின் அளவு இரண்டுக்கும் ஒன்றுதான். திரையைப் பெரிதாக்கிச் சரிபார்த்தேன். அண்ணன் போஸ்டரில் செய்த வேலையை நான் செய்யவில்லை என்று எனக்கு நானே நிரூபிக்க வேண்டியிருந்தது.

8

கிராமசபை இன்னும் கூடவில்லை. கிடங்குக்காரர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். மேனேஜர் நல்ல பையன் என்கிறாள் நங்கை, நல்ல பையன்கள்தான் அதிகம் கட்டுகிறார்கள் என்று நான் சொன்னேன். கை எத்தனை தூக்கப்படும், தூக்கிய கை மறுநாளும் அப்படியே இருக்குமா, எதுவும் தெரியாது. பெக்குக்குக்கூட ஒரே நாளில் கிடைக்கவில்லை.

அண்ணன் நேற்றுக் கூப்பிட்டான். “எங்க கூட இருந்து பேசறதுக்கு நீ வரோணும்னு உங்க நங்கை சொல்றா. நீ வருவியான்னு கேக்கக் கூச்சப்படறா.”

“அவங்க கூச்சப்படறாங்களா? டீக்கடையில பெரியப்பாவையே மடக்குனவங்க?”

“உன்கிட்ட மட்டும் படுவா. நீ படிச்சவளாம். எப்பவும் அதையேதான் சொல்லுவா. மயிலு மாதிரி படிச்சிருந்தா நான் எங்கியோ போயிருப்பேன்னு.”

போனை வைத்துவிட்டு டீக்கடை வீடியோவை இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தேன். அவளும் இத்தனை நாள் என்னைப் பார்த்து எரிந்துகொண்டிருந்தாளா? என் பொறாமைக்கு இது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. கொஞ்சம்தான். முழுதாக ஆறவில்லை, ஆறும் என்றும் தோன்றவில்லை.

அலுவலகத்தில் விடுப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். எதற்கு என்ற கேள்விக்கு, “ஆற்றைத் திருப்ப” என்றேன். இயன் மட்டும் சிரிக்கவில்லை, எந்தக் கரை என்று கேட்டார். கோயம்புத்தூருக்கு டிக்கெட் போட்டாயிற்று, எனக்கும் இனியாவுக்கும். இன்று மதியம் அண்ணனிடம் நங்கையின் செருப்பு அளவைக் கேட்டு வாங்கிக்கொண்டு, பக்கத்து ஊர்க் கடைக்குப் போனேன். பெரியவர்கள் அளவில் மஞ்சள் பூட்ஸ் நிறைய இருந்தது. நங்கைக்கு ஒரு ஜோடி வாங்கிப் பெட்டியில் வைத்தேன், இனியாவுடையதற்குப் பக்கத்தில். பெட்டியை மூடினேன். பிறகு காரைத் திருப்பிக்கொண்டு மறுபடி அதே கடைக்குப் போய், எனக்கும் ஒரு ஜோடி வாங்கி வந்தேன். அவள் மட்டும் போட்டுக்கொண்டு அந்தச் சேற்றில் நிற்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.